பல்சக்கரத்துக்கு மெழுகு

"மாமா, ஆணி எங்க?"

பெட்டியைக் கவிழ்த்து இரண்டு முறை உதறிப் பார்த்துவிட்டுத்தான் சின்னவன் கேட்டான். ஆணி கிடையாது. கோந்தும் கிடையாது. ஐந்து ப்ளைவுட் தகடுகள், படம் போட்ட செய்முறைப் புத்தகம், ஒரு பொட்டலம் ரப்பர் பேண்ட், தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த மூங்கில் குச்சிகள், அவ்வளவுதான். தகட்டை முகர்ந்து பார்த்தால் கருகிய மரத்தின் வாசனை. இதற்குள் ஒரு கார் இருக்கிறது, முறுக்கி விட்டால் ஓடும் என்று சொன்னேன். எட்டு வயதுக்காரன் நம்பினான். பதினோரு வயது மூத்தவள் நம்பவில்லை.

மத்தூரில் அக்கா வீட்டுக் கூடம். மே மாதம், பள்ளி விடுமுறை. வெளியே திருவண்ணாமலை சாலையில் மாங்காய் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு நாள் மூவரும் தரையில் கிடந்தோம். தகட்டிலிருந்து துண்டுகளைக் கட்டை விரலால் தள்ளி எடுப்பது, உப்புத்தாளில் விளிம்பைத் தேய்ப்பது, படத்தைப் பார்த்து ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகுவது. மூன்றாம் நாள் காலை கார் எழுந்து நின்றது. சின்னவன் ரப்பரை முறுக்கித் தரையில் வைத்தான். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் லேசாக நடுங்கியது. வண்டி நகரவில்லை.

அந்த ஓடாத காரைத்தான் இந்த அத்தியாயத்தில் பிரித்துப் பார்க்கப் போகிறோம். முதல் தடவையே ஓடியிருந்தால் எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது. அரை மணி நேரம் கைதட்டிவிட்டு, அதை டிவி பக்கத்தில் அலங்காரமாக வைத்திருப்போம்.

மரத்திலிருந்து தொடங்குவோம். விறகு பிளந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: மரம் எல்லாத் திசையிலும் ஒரே பலம் உடையதல்ல. ரேகை ஓடும் திசையில் கோடாரியை இறக்கினால் பிளந்துகொள்ளும், குறுக்கே வெட்டினால் கை வலிக்கும். மரம் என்பது நீளவாட்டில் ஒட்டிக் கிடக்கும் நுண்குழாய்களின் கட்டு. குழாயை அறுப்பது கடினம், ஒரு குழாயை இன்னொன்றிலிருந்து பிரிப்பது எளிது. இப்போது ஒரே பலகையிலிருந்து ஒரு பல்சக்கரத்தை வெட்டி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரேகை மேலிருந்து கீழாக ஓடினால் சக்கரத்தின் மேலும் கீழும் இருக்கிற பற்கள் வேர் முதல் நுனி வரை நாரோடு நிற்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் இருக்கிற பற்களிலோ ரேகை குறுக்கே போகும். கொஞ்சம் அழுத்தினால் அவை பிஸ்கட் போல உடையும்.

பழைய மர ஆலைகளைக் கட்டிய தச்சர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சக்கரத்தை ஒரே துண்டாகச் செய்யாமல், ஒவ்வொரு பல்லையும் கெட்டி மரத்தில் தனித்தனியே செதுக்கி, ரேகை வெளிநோக்கி நிற்கும்படி வளையத்தின் துளைகளில் அடித்து இறக்கினார்கள். ஒரு பல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ப்ளைவுட் வேறு வழியைப் பிடித்தது. மெல்லிய ஏடுகளை ஒன்றின் ரேகை மற்றொன்றுக்குக் குறுக்கே வருமாறு ஒட்டினால், எந்தப் பக்கப் பல்லிலும் ஏதாவது ஓர் ஏட்டின் நார் நீளவாட்டில் இருக்கும். ஏடுகளின் எண்ணிக்கையை மூத்தவள் விளிம்பில் பார்த்து எண்ணினாள்: மூன்று. ப்ளைவுட்டில் வழக்கமாக மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் ஏடு வைப்பார்கள். அப்போதுதான் இரண்டு முகங்களின் ரேகையும் ஒரே திசையில் ஓடி, ஈரம் ஏறும்போது இரு பக்கமும் ஒன்றுபோல உப்பும். இரட்டைப்படையில் வைத்தால் தகடு அப்பளம் மாதிரி வளையும்.

அந்தக் கருகல் வாசனை லேசருடையது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கற்றை மரத்தை எரித்து ஆவியாக்கிக்கொண்டே போகிறது. அது விட்டுச் செல்லும் பிளவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. இந்த அளவு தெரிந்தால், துளையைவிடச் சொருகும் முனையை மயிரிழை பெரிதாக வரைந்துகொள்ளலாம். ஆணியின் வேலையை அந்த மயிரிழை செய்துவிடும். உக்ரைனின் கீவ் நகரில் தொடங்கிய யூகியர்ஸ் நிறுவனம் இந்த வகை மர இயந்திரப் பெட்டிகளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நம் நாட்டில் தில்லி ஐஐடியில் படித்தவர்கள் 2015ல் தொடங்கிய ஸ்மார்டிவிட்டி குழந்தைகளுக்கென்று இதே வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது அந்த மயிரிழைக் கணக்குதான்.

சரி, பல் உடையவில்லை. பிறகு ஏன் ஓடவில்லை? "ரப்பர்ல பவர் பத்தல" என்றான் சின்னவன். நியாயமான சந்தேகம்.

இந்த இடத்தில் நீங்களும் ஒரு ரப்பர் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் அகலமானதாக. சட்டென்று இழுத்து, இழுத்த நிலையிலேயே மேலுதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். சில நொடி பொறுத்து, தளரவிட்டு உடனே உதட்டில் வையுங்கள். சில்லென்று இருக்கும். இதை முதலில் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப். சிறு பிள்ளையாக இருக்கும்போதே அம்மையில் பார்வையை இழந்தவர். 1805ல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் உதடுதான் வெப்பமானி. இரும்புச் சுருளை இழுத்தால் இப்படிச் சூடேறாது. ரப்பருக்குள் இருப்பவை நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், சிக்கு விழுந்த நூல்கண்டு போல. இழுக்கும்போது சிக்கு பிரிந்து நூல்கள் வரிசையில் நிற்கின்றன. விட்டதும், வெப்பத்தால் சதா துள்ளிக்கொண்டிருக்கும் அந்தச் சங்கிலிகள் மறுபடி சிக்காகின்றன. காரை ஓட்டுவது அந்தத் துள்ளல்தான். இழுத்துக் கட்டிய ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கப் பார்ப்பதும் இதனால்தான்.

பிள்ளைகள் இருவரும் அன்று மதியம் முழுக்க ரப்பரை இழுத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். கடைசியில் இரண்டு பேண்டை நான்காக்கினோம். இந்த முறை 'டிக்' சத்தம் பெரிதாக வந்தது. நடுக்கமும் கூடியது. நகரவில்லை.

அடுத்த சந்தேகம் பல்சக்கரங்கள் மீது விழுந்தது. மூத்தவள் பென்சிலால் ஒரு பல்லில் புள்ளி வைத்துவிட்டு எண்ணினாள். ரப்பர் சுற்றும் அச்சில் இருக்கும் பெரிய சக்கரத்துக்கு 36 பல், அது தள்ளும் சின்னதுக்கு 12. பெரியது ஒரு சுற்று சுற்றினால் சின்னது மூன்று சுற்று. அந்தச் சின்னதோடு ஒட்டிய இன்னொரு 36, அடுத்த 12ஐத் தள்ளுகிறது. மறுபடி மூன்று மடங்கு. ஆக ரப்பர் அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால் காரின் பின்சக்கரம் ஒன்பது சுற்று. ரப்பர் சில சுற்றுகளில் தளர்ந்துவிடும் என்பதால் இப்படிப் பெருக்கினால்தான் வண்டி கொஞ்ச தூரமாவது போகும்.

இலவசமாக எதுவும் வராது. சுற்று ஒன்பது மடங்கானால் முறுக்குவிசை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இதையே மறுபக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்: பின்சக்கர அச்சில் சிறு பிடிப்பு இருந்தால், அது ரப்பருக்கு ஒன்பது மடங்கு பெரிய பிடிப்பாகத் தெரியும். அங்கே ஒரு கடுகளவு தடை, இங்கே ஒரு கல். பின்சக்கரத்தில் நேராக ரப்பரைச் சுற்றியிருந்தால் அதே தடையை அது கண்டுகொண்டிருக்கவே செய்யாது. நாங்கள் ரப்பரிலிருந்து தேடத் தொடங்கியது தப்பு. வேகத்தைக் கூட்டும் வண்டியில் கோளாறை வேகமாகச் சுற்றும் முனையிலிருந்துதான் தேட வேண்டும்.

பற்களைப் பற்றி இன்னொரு சின்ன விஷயம், காருக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 36க்கு 12 என்று வைத்தால் சின்னச் சக்கரத்தின் ஒரு பல் எப்போதும் பெரியதின் அதே மூன்று பற்களைத்தான் சந்திக்கும். ஒரு பல்லில் பிசிறு இருந்தால் அது தன் கூட்டாளிகளை மட்டும் அரித்துக்கொண்டே இருக்கும். பழைய ஆலைத் தச்சர்கள் வேண்டுமென்றே ஒரு பல் கூட்டி 37 என்று வைப்பார்கள். அப்போது ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் அத்தனை பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும், தேய்மானம் ஊருக்குப் பொதுவாகும். மூத்தவள் இதைக் காகிதத்தில் எழுதிச் சரிபார்த்துவிட்டு, "அப்ப இந்த பெட்டிய செஞ்சவங்களுக்கு இது தெரியாதா?" என்று கேட்டாள். தெரிந்திருக்கும். பொம்மை தேயும் அளவுக்கு யாரும் ஓட்ட மாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை இரவு அக்கா வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து வந்தார். வண்டிகளுக்குப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டர், வாரம் முழுக்க அங்கேயே அறை எடுத்துத் தங்கல். கை கால் கழுவிவிட்டுக் காரைக் கையில் எடுத்தவர் ரப்பரைப் பார்க்கவே இல்லை. பின்சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து உள்ளும் புறமும் அசைத்தார்.

"ப்ளேவே இல்லையே. யாரு இவ்ளோ டைட்டா அடிச்சது?"

அடித்தவன் நான்தான். அச்சு நழுவாமலிருக்க ஓரத்தில் சொருகும் வளையத்தை மூத்தவளால் தள்ள முடியவில்லை என்று நான் வாங்கி, அது சட்டத்தோடு ஒட்டும்வரை அழுத்தியிருந்தேன். பிள்ளையின் கைபலத்துக்கு விட்டிருந்தால் இடைவெளி தானாகவே இருந்திருக்கும். போதாததற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு கோடை மழை வேறு. ஈரக்காற்றில் மரம் உப்பும். இருந்த கொஞ்ச நஞ்ச இடமும் அடைந்துவிட்டது.

அவர் வளையத்தைக் கழற்றி, பழைய நோட்டிலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, சட்டத்துக்கும் வளையத்துக்கும் நடுவே வைத்து, மறுபடி தள்ளச் சொன்னார். தள்ளியதும் தாளை உருவிவிட்டார். சாதாரணத் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கம்பெனியில் இதற்கென்று எஃகு இதழ்கள் வைத்த ஃபீலர் கேஜ் இருக்கும். வீட்டில் தாளே போதும். சக்கரம் விரல் பட்டதும் சுழன்றது. "தொட்டா சுத்தணும், ஆனா ஆடக் கூடாது" என்றார். இந்த ஒரு வரிக்காகத்தான் பெரிய பெரிய ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் ஷிப்டு பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பிள்ளைகளுக்கு அன்றுதான் அப்பாவின் வேலை என்னவென்று கொஞ்சம் புரிந்தது. அதுவரை அது ஒரு பேருந்து, ஒரு அடையாள அட்டை, ஒரு டிபன் டப்பா.

கார் ஓடியது. நான்கு தரை ஓடுகள் தாண்டி நின்றது.

"குச்சிய மெலிசா சீவிட்டா இன்னும் போகுமா?" என்றான் சின்னவன். மெலிசானால் உரசும் இடம் குறையும், உரசல் குறையும் என்பது அவன் கணக்கு. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். கொல்லையிலிருந்து ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, கயிற்றில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி இழுத்துப் பார்த்தோம். அகலமான பக்கம் தரையில் பட இழுத்தபோது ரப்பர் எவ்வளவு நீண்டதோ, குறுகலான பக்கத்தில் நிறுத்தி இழுத்தபோதும் ஏறக்குறைய அவ்வளவே நீண்டது. 1699ல் பிரான்சின் கியோம் அமோந்தோன் இதைச் சொன்னபோது அங்குள்ள அறிஞர்களுக்கும் நம்பிக்கை வரவில்லை. உரசல் எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல. காரணம், வழவழப்பாகத் தெரியும் இரண்டு பரப்புகளும் உண்மையில் மேடுபள்ளமானவை. ஒன்றின் மேட்டு முனைகள் மற்றதின் முனைகளை மட்டுமே தொடுகின்றன. எடையைக் கூட்டினால் முனைகள் நசுங்கித் தொடும் இடம் கூடும். செங்கல்லைப் படுக்கப் போட்டால் முனைகள் அதிகம், ஆனால் ஒவ்வொன்றின் மேலும் பாரம் குறைவு.

ஆனாலும் சின்னவன் சொன்னது சரியே. அச்சு மெலிந்தால் வண்டி நன்றாக ஓடும், அவன் சொன்ன காரணத்தால் அல்ல. உரசும் விசை மாறாவிட்டாலும் அது அச்சின் மையத்துக்கு நெருங்கிவிடுகிறது. கதவைக் கீல் பக்கத்தில் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், லேசில் திறக்காது. உரசலையும் அப்படிக் கீல் பக்கம் தள்ளிவிட்டால் சக்கரத்தைத் தடுக்க அதற்குப் பிடிமானம் இல்லை. தப்பான காரணத்தோடு சரியான விடை சொன்னவனை எப்படிப் பாராட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

குச்சியைச் சீவவில்லை, உடைந்துவிடும். மெழுகு தேய்த்தோம். மின்சாரம் போனால் ஏற்ற வைத்திருக்கும் அதே மெழுகுவத்திதான். அச்சு உட்காரும் துளையிலும் பற்களின் பக்கங்களிலும் தேய்த்து, விரலால் வழித்துவிட வேண்டும். மெழுகு பள்ளங்களை நிரப்பி, மேட்டு முனைகளுக்கு நடுவே வழுக்கலான ஓர் ஏட்டைப் போடுகிறது. எண்ணெய் விடக் கூடாது. மரம் அதைக் குடித்துவிடும். கடலில் தீர்க்கரேகை காணும் கடிகாரம் செய்து புகழ்பெற்ற ஜான் ஹாரிசன் தச்சர். அவர் 1722 வாக்கில் பிரோக்கிள்ஸ்பி மாளிகைக்குச் செய்த மரக் கடிகாரத்தில், இயற்கையிலேயே எண்ணெய்ப் பசையுள்ள லிக்னம் விடே மரத்தை அச்சு உரசும் இடங்களில் வைத்தார். அந்தக் கடிகாரத்துக்கு எண்ணெயே விடுவதில்லை.

மரத்தில் இயந்திரம் செய்வது எங்கோ வெளிநாட்டில் கிளம்பிய வேடிக்கை என்று இந்தப் பெட்டிகளைப் பார்த்தால் தோன்றும். அப்படியில்லை. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்க இந்தியாவெங்கும் புழங்கிய சர்க்கியில் இரண்டு மர உருளைகள் உண்டு. அவற்றின் முனையில் திருகு போல மரத்திலேயே பல் செதுக்கியிருப்பார்கள். ஒன்றைச் சுழற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுழலும். இன்னோர் உதாரணம் இந்த வட்டாரத்தை ஆண்டவருடையது: 1792 வரை மத்தூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால் திப்பு சுல்தானின் கையில் இருந்தது. அவர் 1790களில் செய்வித்த மரப்புலி இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஆள் நீளப் புலி, அதன் காலடியில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி காற்றை ஊதி, மனிதனின் வாயிலிருந்து ஓலம் எழும். அவன் இடக்கை ஏறி இறங்கும். புலியின் தலைக்குள் பாரம் வைத்த சின்னத் துருத்தி ஒன்று உண்டு. திருகுப் பல் அதை மெல்ல மெல்ல உயர்த்தி, உச்சியில் சட்டென்று விட்டுவிடும். அது விழும்போது உறுமல். மெல்ல ஏற்றிச் சட்டென்று விடுவது, இந்தப் பெட்டிகளில் வரும் குதிக்கும் தவளைக்கும் அதே உத்திதான். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் புலி லண்டனுக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டடத்தில் வருகிறவர் போகிறவரெல்லாம் கைப்பிடியைச் சுற்றி, பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களின் காதைத் துளைத்தார்கள். பிறகு ஒரு நாள் கைப்பிடியே காணாமல் போயிற்று.

அதே திப்பு காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும், மரப் பொம்மைகளின் ஊரான சென்னபட்டணத்துக்கு இங்கிருந்து ஓசூர், பெங்களூரு தாண்டிப் போக வேண்டும். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசலில் எழும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். அடுப்பு வேண்டாம், தூரிகை வேண்டாம். நாங்கள் மெழுகு தேய்த்து விரட்டிய உரசலை அவர்கள் வேலைக்காரனாக வைத்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் ஏதோ ஓர் இயந்திரத்தோடு பிழைக்கிறார். ஆனால் பிள்ளைகள் கண்ணில் படும் இயந்திரங்களுக்கு உள்ளே பார்க்க வழியில்லை. 1984ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத்தை ஓசூரின் அடையாளமாக்கியது. ஒரு குவார்ட்ஸ் கடிகாரத்தில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண் ஏன் இப்படி? பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், சரியாக ஒன்று வரும். நொடிக்கு ஒன்று. அந்த ஒற்றைத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரைத் தள்ள, அதற்குப் பிறகு வருவது நம் காரில் இருக்கும் அதே பல்சக்கர வரிசைதான், தலைகீழாக: வேகத்தைக் குறைப்பதற்கு. மூத்தவள் பாதியாக்கும் கணக்கை மட்டும் மூன்று தாளில் போட்டாள். போச்சம்பள்ளி பக்கம் தயாராகும் மின் ஸ்கூட்டரிலோ எண்ணிப் பார்க்கப் பல்சக்கரம்கூட அதிகமில்லை, மோட்டாரும் பேட்டரியும் மென்பொருளும் மூடிக்குள் இருக்கின்றன. ப்ளைவுட் காருக்கு மூடி இல்லை. எது எதைத் தள்ளுகிறது, எங்கே சிக்குகிறது என்பதைக் கண்ணாலேயே தொடரலாம். விலைக்குத் தகுந்த விஷயம் இந்தப் பெட்டியில் அது ஒன்றுதான் என்பது என் கட்சி. மற்றபடி படத்தைப் பார்த்துச் சொருகுவதில் பெரிய அறிவியல் ஏதுமில்லை.

விலையும் லேசானதல்ல. சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. வாங்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் வைத்து நாடெங்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் காட்டிய அர்விந்த் குப்தா இதற்கெல்லாம் முன்னோடி. அவருடைய கைச்செய்முறைகள் தமிழிலும் கிடைக்கின்றன. அதற்கும் முன்னால் நுங்கு வண்டி இருக்கிறது. சுளை எடுத்த இரண்டு நுங்குக் கூடு, குறுக்கே ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. அதிலும் அச்சு உண்டு, உரசல் உண்டு. ஈரமாக இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு ஓடும், காய்ந்ததும் கிறீச்சிடும். ஏன் என்று நாங்கள் யாரும் அந்த வயதில் கேட்டுக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

மெழுகு தேய்த்த பின் எங்கள் கார் கூடத்து வாசற்படியிலிருந்து கிளம்பி, பதினோரு ஓடு தாண்டி, அடுக்களை நிலையில் முட்டி நின்றது. நிலை இல்லாவிட்டால் இன்னும் போயிருக்கும் என்று இருவரும் சாதித்தார்கள். மறுநாள் முறுக்கியபடியே ஜன்னலில் மறந்துவிட்டார்கள். சாயங்காலம் எடுத்து விட்டபோது ஆறு ஓடுதான் போனது. வெகுநேரம் இழுபட்டே கிடந்தால் ரப்பரின் சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று மெல்ல நழுவி அந்த நீளத்துக்கே பழகிவிடும், திரும்பி வர முழு மனசு இருக்காது. நீங்கள் செய்தால் விளையாடி முடித்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றி, வெயில் படாத டப்பாவில் போட்டு வையுங்கள்.